ஹெல்மெட் என்னைப் பார்த்தால் மட்டும் தலைக்கு ஏறுகிறது: இதை எப்படி மாற்றுவது?

தளக்காவலன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரும்புக் கட்டுமான வேலை நடக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்திருக்கிறேன். வெல்டிங், கிரைண்டிங், கிரேன், உயரத்தில் வேலை எல்லாம் உண்டு. நிரந்தரத் தொழிலாளர்களைவிட ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம்.

நான் ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தகவல் போய்விடுகிறது. எல்லார் தலையிலும் ஹெல்மெட் ஏறிவிடும், நெற்றியில் இருந்த கண்ணாடி கண்ணுக்கு இறங்கிவிடும். நான் திரும்பியதும் பழையபடி ஆகிவிடும். எனக்கு முன்பு இருந்தவர் அபராதம் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு காயப் பதிவேடு கிட்டத்தட்ட வெறுமையாகிவிட்டது. நிர்வாகம் அதைக் காட்டிப் பெருமைப்படுகிறது. ஆனால் முதலுதவிப் பெட்டியில் பேண்டேஜும் தீக்காய மருந்தும் முன்பு போலவே தீர்ந்துகொண்டிருக்கின்றன. அப்படியென்றால் காயம் குறையவில்லை, காயத்தை வெளியே சொல்வதுதான் குறைந்திருக்கிறது.

மனநிலை மாற வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, எங்கிருந்து தொடங்குவது? போஸ்டர், உறுதிமொழி, பாதுகாப்பு வாரம் எல்லாம் ஏற்கெனவே நடக்கின்றன. அவற்றைத் தாண்டி ஏதாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஃபிட்டர்

தம்பி, அந்தப் பேண்டேஜ் கணக்கைப் பார்த்தீர்கள் பாருங்கள், அங்கேயே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள்.

மனநிலை பற்றிப் பேசுவதற்கு முன், ஒருவர் ஏன் அதைக் கழற்றுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "ஏன் போடலை?" என்றால் அது விசாரணை, "மறந்துட்டேன் சார்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். "இதைப் போட்டா வேலையில எங்க இடிக்குது?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

எங்கள் ஷாப்பில் கிரைண்டர் கார்டை, அதாவது வட்டை மூடியிருக்கும் காப்பு உறையை, கழற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கம் இருந்தது. அதோடு நிற்காமல், 4 அங்குல கிரைண்டரில் 7 அங்குல வட்டை மாட்டுவார்கள். இதைவிட ஆபத்தான பழக்கம் குறைவு. சின்ன கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். 7 அங்குல வட்டு ஏறக்குறைய 8500 சுற்றுக்குத்தான் செய்யப்பட்டது. அது வெடித்தால் துண்டு எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது, தடுக்கக் கார்டும் இல்லை. மெமோ கொடுத்தார்கள், கூட்டம் போட்டுத் திட்டினார்கள். பழக்கம் நிற்கவில்லை.

ஒரு புது சூப்பர்வைசர் வந்தார். திட்டவில்லை, பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்தார். இரண்டு தகடு சேரும் உள்மூலையில் கார்டு இடித்தது, வட்டு வெல்டைத் தொடவே இல்லை. பெரிய வட்டு மாட்டியதும் அதே காரணத்துக்காகத்தான். பெரிய கிரைண்டரை எடுக்க வேண்டுமென்றால் ஸ்டோரில் சீட்டு, கையெழுத்து, காத்திருப்பு. அவர் உள்மூலைக்கு ஏற்ற, ஒல்லியான முனையுள்ள டை கிரைண்டர் வாங்கி அந்தப் பே (வேலைப் பகுதி) பக்கத்திலேயே தொங்கவிட்டார், பெரிய கிரைண்டரையும் அங்கேயே வைத்தார். பழக்கம் தானாக விழுந்துவிட்டது. அந்த ஆட்களின் மனநிலை முன்பும் பின்பும் ஒன்றுதான். வெல்டை ஒழுங்காக முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம். அந்த நல்ல எண்ணம்தான் அவர்களைக் கார்டைக் கழற்ற வைத்தது.

உங்கள் ஆட்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதற்கும் காரணம் இருக்கும். வியர்வையில் பனி படிகிறதா, கீறல் விழுந்து மங்கிவிட்டதா, பவர் கண்ணாடி மேல் உட்காரவில்லையா என்று பாருங்கள். நான்கு வகை மாதிரி வரவழைத்து அவர்களையே போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தான் தேர்ந்தெடுத்ததை மனுஷன் அவ்வளவு சுலபமாகக் கழற்ற மாட்டான்.

ஷிஃப்ட்_பொறுப்பாளர்

மேலே சொன்னது நல்ல உதாரணம். ஆனால் எல்லாவற்றுக்கும் நிர்வாகத்தின் மேல் பழி போட்டுவிட்டால் தொழிலாளியின் பொறுப்பு எங்கே போகும்? உயரத்தில் ஏறுபவருக்குப் புத்தம் புது பாதுகாப்பு பெல்ட், நல்ல கொக்கி, மாட்ட இடம் எல்லாம் இருந்தும் மாட்டாமல் ஏறுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். "இருபது வருஷமா இப்படித்தான் ஏறுறேன்" என்கிறார்கள். விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால்தான் என்று பயிற்சியிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். கண்டிப்பு இல்லாமல் ஒழுங்கு வராது. அபராதத்தை எடுத்தால் நாளைக்கே தளம் கைவிட்டுப் போகும்.

நிகழ்வாய்வு

அந்த 88 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது இங்கே உதவும். ஹைன்ரிக் என்பவர் 1931ல் அமெரிக்காவில் எழுதிய நூலில் வந்தது அது. அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 88 சதவீதம் பாதுகாப்பற்ற செயல், 10 சதவீதம் பாதுகாப்பற்ற நிலைமை, 2 சதவீதம் தவிர்க்க முடியாதது என்று பிரித்தார். அடிப்படை, காப்பீட்டுக் கோரிக்கைகளும் தொழிற்சாலைகளில் எழுதப்பட்ட விபத்து அறிக்கைகளும். அந்த அறிக்கைகளைப் பெரும்பாலும் எழுதியவர்கள் மேற்பார்வையாளர்கள். யார் எழுதுகிறாரோ அவர் கையில் பழி யார்மேல் விழுகிறது என்பதும் இருக்கிறது. அவர் பயன்படுத்திய மூல ஆவணங்கள் பிறகு யார் கைக்கும் கிடைக்கவில்லை, மறுபடி சரிபார்க்கவும் முடியவில்லை. அதே ஹைன்ரிக், இயந்திரத்துக்குக் கார்டு போடுவதையும் வலியுறுத்தியவர் என்பதைப் பயிற்சிகளில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரே விபத்தைச் "செயல்" என்றும் எழுதலாம், "நிலைமை" என்றும் எழுதலாம். கார்டு இல்லாத கிரைண்டரில் கை வெட்டுப்பட்டது. கார்டைக் கழற்றியது செயல். கார்டோடு செய்ய முடியாத வேலையைக் கொடுத்தது நிலைமை. எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? இப்படிப் பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

தொழிலாளி நடத்தையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். பின்னர் அதை ஆராய்ந்த பேக்கர் குழு சொன்ன முக்கியமான குறை, தனிநபர் காயக் கணக்கு நன்றாக இருந்ததை வைத்து ஆலையே பாதுகாப்பாக இருப்பதாக நிறுவனம் நம்பியது என்பது. 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்து 11 பேர் போனார்கள். வேலைநாள் இழப்புள்ள காயம் இல்லாமல் ஏழு ஆண்டுகள் கடந்ததைப் பாராட்ட, அன்றைக்குத்தான் மேலதிகாரிகள் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து நடப்பது நல்ல பழக்கம். குழாயில் ஏறும் அழுத்தத்தை அது காட்டிக் கொடுக்காது.

தளக்காவலன், உங்கள் வெறுமையான பதிவேட்டை நிர்வாகம் பெருமையாகக் காட்டுகிறது என்றீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் கவலைப்படுவது அதைப் பார்த்துத்தான்.

வார்டு_செவிலி

நான் மருத்துவமனையில் வேலை செய்பவள். உங்கள் துறை வேறு, ஆனாலும் இந்தப் பேண்டேஜ் கதை எங்களுக்கும் நன்றாகத் தெரியும்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது, நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். உள்ளே பார்த்தபோது, அங்கே தவறைப் பற்றிப் பயமில்லாமல் பேச முடிந்தது, அதனால் வெளியே வந்தது. மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள்.

ஊசி குத்திக்கொள்வது எங்கள் பெரிய பிரச்சினை. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், தேர்விலும் சரியாக எழுதுவார்கள். ஆனால் பயன்படுத்திய ஊசியை எறியும் பெட்டி வார்டின் கடைசியில் இருந்தால், திறந்த ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பார்கள்? மூடி போட்டுத்தான் எடுத்துப் போவார்கள். பெட்டி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் எங்கள் வார்டில் அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்தது.

குத்திக்கொண்ட பிறகு வருவது இன்னும் முக்கியம். உடனே சொன்னால்தான் உரிய நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க முடியும். ஒரு முறை சொன்ன பெண்ணிடம் பொறுப்பாளர் "கவனம் எங்கே இருந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவர் ஷிஃப்டில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்து வந்த பொறுப்பாளர் "சொன்னது நல்லது, வா, முதல்ல கையைக் கழுவு" என்று கூடவே நடந்து போவார். அவருடைய ஷிஃப்டில் எல்லாமே வெளியே வந்தது. கெட்ட செய்தி கேட்ட முதல் நிமிடத்தில் மேலே இருப்பவர் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

தினக்கூலி_ரிக்கர்

எல்லாரும் நல்லாச் சொல்றீங்க. நான் கிரேனில் சுமை கட்டும் வேலை செய்பவன், ஒப்பந்தத்தில். என் பக்கத்தையும் சொல்கிறேன்.

காலையில் பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். "சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்துங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு" என்று வாசிப்பார்கள். பாதி பேருக்கு அந்த மொழியே புரியாது. புரிந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவோம். பிறகு பத்து மணிக்கு அதே ஆள் வந்து "ஏன் இன்னும் தூக்கலை?" என்று கத்துவார். எங்களுக்கு எது உண்மை என்று தெரியும். காலையில் கேட்டது காகிதத்துக்கு, பத்து மணிக்குக் கேட்டது வேலைக்கு.

சுமை தூக்கும் ஸ்லிங் பட்டையில் நூல் பிரிந்திருப்பதைப் பார்த்து நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். யாரும் திட்டவில்லை. அடுத்த வாரம் அவரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு மெமோ எல்லாம் கிடையாது, ஃபோன் வராது.

நிறுத்திய நேரத்துக்குக் கூலி உண்டா? நிறுத்தியவனுக்கு அடுத்த வேலை உண்டா? இதற்குப் பதில் சொல்லாமல் மனநிலை, கலாச்சாரம் என்று பேசுவது எங்கள் காதில் ஏறாது.

நிகழ்வாய்வு

ரிக்கர் நண்பர் சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981ல் வந்தது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகியவருக்கு அதனால் பாதிப்பு வரக்கூடாது என்று அதில் இருக்கிறது. எழுத்தில் இருப்பதற்கும் "ஃபோன் வராது" என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் குறைப்பதுதான் பாதுகாப்பு அலுவலரின் உண்மையான வேலை.

பேசத் தயங்குவது கூலி வேலையில் மட்டும் நடப்பதில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றான, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் புறப்பட ஓடத் தொடங்கியபோது, மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று அதன் விமானப் பொறியாளர் கேட்டார். கேப்டன் அழுத்தமாக "விலகிவிட்டது" என்ற பொருளில் பதில் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. கேப்டன் அந்த நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சி விமானி. இது போன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் விமானத் துறை குழுப் பயிற்சியைத் தொடங்கியது. இளையவர் எப்படிச் சொல்வது என்பதோடு, மூத்தவர் எப்படிக் கேட்பது என்பதையும் அதில் பழக்குகிறார்கள். நம் ஆலைகளில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு "பேசுங்கள், பேசுங்கள்" என்கிறோம்.

ஷிஃப்ட்_பொறுப்பாளர்

செவிலி அம்மா சொன்னதும் ரிக்கர் சொன்னதும் யோசிக்க வைக்கிறது. காயத்தைச் சொல்பவரைத் தண்டிக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பெல்ட் இருந்தும் மாட்டாதவரை, மெஷின் ஓடாதபடி பூட்டும் லாக்கைப் போடாமல் உள்ளே கை விடுபவரை என்ன செய்வது? தோளில் தட்டிக் கொடுப்பதா?

இரவுஷிஃப்ட்

நியாயமான கேள்வி ஐயா. எல்லாத் தவறையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் குழப்பம். கை தவறியது ஒன்று, எல்லாரும் குறுக்குவழியில் போவதால் இவரும் போனது ஒன்று, ஆபத்து என்று தெரிந்தே மற்றவர் உயிரோடு விளையாடியது இன்னொன்று. நாங்கள் கேட்டுப் பார்க்கும் சோதனை எளியது: அதே அனுபவமுள்ள வேறொருவரை அதே இடத்தில், அதே அவசரத்தில் நிறுத்தினால் அவரும் இதையே செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றால் ஆளைத் தண்டித்து ஒரு பயனும் இல்லை, இடத்தை மாற்றுங்கள். செய்திருக்க மாட்டார் என்றால், அப்போது அந்த ஆளோடு பேச வேண்டியதைப் பேசுங்கள், நடவடிக்கையும் எடுங்கள். அதை மற்ற தொழிலாளர்களே ஆதரிப்பார்கள். தெரிந்தே லாக்கை உடைத்தவரோடு வேலை செய்ய யாருக்கும் விருப்பம் கிடையாது.

இருபது வருஷமாக ஏறுகிறேன் என்பவரைப் பற்றி ஒன்று. பெல்ட் மாட்டாமல் ஏறிய ஒவ்வொரு முறையும் அவருக்கு நேரம் மிச்சமானது, ஒன்றும் ஆகவில்லை. ஆக, தினமும் அவருடைய பழக்கத்துக்கு ஒரு சின்னப் பரிசு கிடைத்துக்கொண்டே இருந்தது. உங்கள் அபராதம் என்றைக்கோ ஒரு நாள் வருகிறது. தினமும் கிடைக்கும் பரிசை அதனால் வெல்ல முடியாது. மாட்டுவதை வேகமாக்குங்கள். ஏறும் வழி முழுக்கக் கூடவே நகரும் கயிறு பிடிப்பான் போட்டால், படிக்குப் படி கொக்கியைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. முடிந்தால் ஏறும் தேவையையே எடுத்துவிடுங்கள், தரையிலேயே பொருத்தித் தூக்குங்கள்.

அப்புறம் தளக்காவலனுக்கு ஒரு எச்சரிக்கை. அடுத்ததாக உங்களிடம் "கண்காணிப்பு அட்டை" திட்டம், அதாவது தளத்தில் பார்த்த ஆபத்தான செயல்களை அட்டையில் எழுதித் தருவது, கொண்டுவரச் சொல்வார்கள். ஆளுக்கு மாதம் இத்தனை அட்டை என்று இலக்கு வைத்தால், மாதக் கடைசியில் உட்கார்ந்து கற்பனையில் எழுதுவார்கள். "விபத்தில்லா நாட்கள்" பலகையும், அதற்குக் குழுப் பரிசும் இன்னும் மோசம். விரல் நசுங்கியவனிடம் கூட இருப்பவர்களே "பரிசு போயிடும், சொல்லாதே" என்பார்கள்.

எங்களிடம் வேலை செய்தது ஒரு சாதாரண வெள்ளைப் பலகை. மயிரிழையில் தப்பியது, இடிக்கிற இடம், எதுவானாலும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் தேவையில்லை. பக்கத்தில் யார் பார்ப்பார், என்றைக்குள், என்ன ஆச்சு என்று மூன்று கட்டம். முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதியே ஆக வேண்டும். முதலில் எழுதியதெல்லாம் குடிதண்ணீர், மின்விசிறி, கழிப்பறைக் கதவு. எங்கள் மேலாளர் "இதுவா பாதுகாப்பு?" என்று கோபப்பட்டார். அவற்றைச் சரிசெய்த பிறகுதான் ஃபோர்க்லிஃப்ட் பிரேக் பற்றி ஒருவர் எழுதினார். சின்ன விஷயத்தில் நம்மைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அந்தச் சோதனையில் தேற வேண்டும்.

பழைய_ஃபிட்டர்

இரவுஷிஃப்ட் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நடத்தையைப் பழக்கும் முறைகளே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜப்பான் ரயில்வே ஊழியர்கள் சிக்னலைக் கையால் சுட்டி, நிலையை வாய்விட்டுச் சொல்வார்கள். 1994ல் அங்கே ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் எளிய செயல்களை வைத்துச் சோதித்ததில், சுட்டிச் சொல்வதால் தவறுகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன. அது நிலைத்திருப்பதற்குக் காரணம், இளையவர், மூத்தவர் என்று பார்க்காமல் எல்லாரும் செய்வது. லாக் போட்டதும் "வால்வு மூடி, பூட்டியாச்சு" என்று ஒரு புதுப் பையன் தனியாகச் சத்தமாகச் சொன்னால் கூச்சப்பட்டு இரண்டு நாளில் விட்டுவிடுவான். ஃபோர்மேன் முதலில் சொன்னால் எல்லாரும் சொல்வார்கள்.

மேலே இருப்பவர் செய்வதைத்தான் கீழே பார்க்கிறார்கள். 1987ல் அல்கோவா என்ற அமெரிக்க அலுமினிய நிறுவனத்தின் தலைமைக்கு வந்த பால் ஓநீல், முதலீட்டாளர்கள் கூட்டத்தில் லாபத்தைப் பற்றி ஆரம்பிக்காமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார், அந்த அறையின் அவசர வழி எங்கே என்று காட்டினார். பலர் இவருக்கு என்ன ஆச்சு என்று திகைத்தார்கள். அவர் காலத்தில் அங்கே காயங்கள் பெரிதும் குறைந்தன. நம் எம்டி ஷெட்டுக்குள் வரும்போது மஞ்சள் கோட்டுக்குள் நடக்கிறாரா, கண்ணாடி போடுகிறாரா, அதை முதலில் பாருங்கள்.

தளக்காவலன்

எல்லாருக்கும் நன்றி. இடையில் சில வாரங்கள் ஓடிவிட்டன, நடந்ததைச் சொல்கிறேன்.

அபராதத்தை முழுவதும் எடுக்க நிர்வாகம் சம்மதிக்கவில்லை. காயத்தையோ, மயிரிழையில் தப்பிய நியர் மிஸ்ஸையோ தானே சொல்பவருக்கு அபராதம் இல்லை என்பதற்கு மட்டும் சம்மதித்தார்கள். பதிவேட்டில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது, எதிர்பார்த்தபடியே "நீங்க வந்த பிறகு விபத்து கூடிடுச்சே" என்று கேட்டார்கள். பேண்டேஜ் செலவுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அது மாறவில்லை, பதிவு மட்டும் கூடியிருக்கிறது. அதைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

கண்ணாடிப் பிரச்சினைக்குக் காரணம் பனி படிவதுதான். மாதிரிகளில் ஒன்றை வெல்டர்களே தேர்ந்தெடுத்தார்கள். கிரைண்டிங் பேயில் இப்போது நான் இல்லாதபோதும் போடுகிறார்கள் என்று கிரேன் ஆபரேட்டர் மேலேயிருந்து பார்த்துச் சொன்னார். பெயிண்டிங் பக்கம் ஒரு மாற்றமும் இல்லை, அங்கே மாஸ்க்தான் சிக்கல், இன்னும் பிடிபடவில்லை. வெள்ளைப் பலகையில் முதலில் எழுதப்பட்டது, நீங்கள் சொன்னது போலவே, கழிப்பறை விளக்கு. அன்றைக்கே மாற்றச் சொன்னேன்.

ரிக்கர் அண்ணா, உங்கள் கேள்வியை அப்படியே கூட்டத்தில் வைத்தேன். ஒப்பந்தக்காரர்களோடு போடும் உடன்படிக்கையில் இரண்டு வரி சேர்க்கக் கேட்டிருக்கிறேன். பாதுகாப்புக்காக வேலை நின்ற நேரத்துக்கு முழுக்கூலி தர வேண்டும். நிறுத்தியவரை அடுத்த சுற்றில் அழைக்காவிட்டால் ஒப்பந்தக்காரர் எழுத்தில் காரணம் தர வேண்டும். ஷிஃப்ட் பொறுப்பாளர்கள் இரண்டு பேர் ஆதரித்தார்கள். கொள்முதல் பிரிவு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஷிஃப்ட்_பொறுப்பாளர்

அந்த இரண்டு வரியை எங்கள் இடத்திலும் கேட்கப் போகிறேன். வரைவை இங்கே போட முடியுமா?

தினக்கூலி_ரிக்கர்

தம்பி, கேட்டதற்கே நன்றி. வரி வந்துவிட்டால் அதை ஒப்பந்தக்காரர் கோப்பில் மட்டும் வைக்காதீர்கள். எங்கள் கைக்கு ஒரு தாள் வர வேண்டும், நாங்கள் பேசும் மொழியில். காலைக் கூட்டத்தில் அதை நீங்கள் வாசிக்க வேண்டாம், பத்து மணிக்கு வந்து கத்துகிறாரே, அவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

தளக்காவலன்

சரி அண்ணா, அவரிடமே கேட்கிறேன். வரைவை நாளை இங்கே போடுகிறேன், வார்த்தையில் ஓட்டை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். பெயிண்டிங் பூத் மாஸ்க் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அதற்கும் பதில் போடுங்கள்.